மேல்வீட்டு மழையும் கீழ்வீட்டு வாசலும்

மழை யாருடையது? இக்கேள்விக்கு விடை கூறுவது எளிது. வானிலிருந்து இறங்கும் நீர் படைத்தவனின் அருள். அதற்கு எவர் பெயரிலும் பட்டா இல்லை. ஆனால், இதே கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பாருங்கள். என் மொட்டைமாடியில் விழுந்து, நான் பதித்த குழாய் வழியே இறங்கி, நான் பூசிய சிமெண்டுத் தரையில் வழிந்து, அண்டை வீட்டாரின் அடுப்படிக்குள் புகுந்துவிட்ட நீர் யாருடையது? இப்போது விடை அவ்வளவு விரைவாக வருவதில்லை. "மழை பெய்தது, நான் என்ன செய்வேன்?" என்று சொல்லிவிட நாக்கு முந்துகிறது, நெஞ்சு பின்வாங்குகிறது. அந்தப் பின்வாங்கலுக்குக் காரணம் உண்டா, இல்லையா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

பார்வைக்கு இது கொத்தனாரும் பொறியாளரும் பேச வேண்டிய விஷயம் போலத் தோன்றும். வீட்டு மனையில் விழும் பெருமழையை எவ்வழியாக வடிப்பது என்பதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வியக்கவும் கூடும். ஆனால் நம் முன்னோர்களான சட்ட மேதைகள் அவ்வாறு எண்ணவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர்; காழிகளுக்குத் துணையாக நின்று, சுவர், சாளரம், சாக்கடை ஆகியவை பற்றிய அண்டை வீட்டார் வழக்குகளை நேரில் பார்வையிட்டுக் கருத்துரைத்தவர். அந்த அனுபவத்தையெல்லாம் திரட்டிக் கட்டடங்களைப் பற்றிய சட்டங்களுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதையும் காட்டிவிடும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆரப்பாளையத்துச் சந்துகள்

மதுரை மாநகரின் வடமேற்கில், வைகையின் தென்கரையை ஒட்டியிருப்பது ஆரப்பாளையம். பேருந்து நிலையத்தின் இரைச்சலைக் கடந்து உட்புறச் சந்துகளில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டின் சுவரும் மறு வீட்டின் சுவரும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மூன்று மாடி உயர்ந்த புதிய வீட்டின் பக்கத்தில், ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று குனிந்து நிற்கும். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் புகுந்த வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் புக வேண்டியிருக்கிறது. வீடு தாழ்ந்துவிடவில்லை; தெருதான் உயர்ந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதன் விளைவு அது. தெரு உயர உயரப் புதிதாகக் கட்டுவோர் பேஸ்மட்டத்தை இன்னும் உயர்த்துகின்றனர். உயர்த்த வசதியற்றவர் குழிக்குள் இருக்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் வாடகைக்குக் குடியிருப்போர். அல்லது பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட முதியோர்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று பெய்த மழையை மதுரை மக்கள் எளிதில் மறவார்கள். அன்று பகற்பொழுதில் மட்டும் ஏறத்தாழ 98 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதில் 45 மில்லிமீட்டர், பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய பதினைந்தே நிமிடங்களில் கொட்டித் தீர்த்தது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. அதில் ஒன்பதில் ஒரு பங்கு ஒரே பகலில் இறங்கிற்று. ஆற்றுக்கு அக்கரையில் செல்லூர், நரிமேடு, பீ.பீ.குளம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கண்மாய்க்குரிய நீர் வாய்க்காலில் அடங்காமல் தெருவைத் தேடிற்று. தெருவில் அடங்காமல் வாசலைத் தேடிற்று.

பேரளவிலான இந்நிகழ்ச்சியை ஒரு வீட்டளவுக்குச் சுருக்கிக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீராகும். மூன்று சென்ட் மனை என்பது ஏறத்தாழ 121 சதுர மீட்டர். அம்மனை முழுவதும் தளமாகவும் சிமெண்டாகவும் மூடப்பட்டிருக்குமானால், 45 மில்லிமீட்டர் மழைக்கு அதிலிருந்து வெளியேறும் நீர் ஏறத்தாழ 5,400 லிட்டர். அதுவும் கால் மணி நேரத்தில்! பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால், நிமிடத்திற்கு இருபத்துநான்கு குடம். இருபது வீடுள்ள ஒரு சந்தில், ஒவ்வொரு நிமிடமும் நானூற்றெண்பது குடம் தண்ணீரை யாரோ வரிசையாக நின்று தெருவில் கொட்டுகிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். அந்த "யாரோ" வேறு யாருமல்லர், நாம்தான்.

விழுவது எது? விடுவது எது?

இங்கே நாம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கருத வேண்டும். மழை விழுவது நம் செயலன்று. அதற்கு நாம் பொறுப்பாளிகளும் அல்லர். ஆனால் விழுந்த நீருக்குத் திசையும் வேகமும் அளவும் தருவது நம் செயல். வெறும் மண்ணாக இருந்த மனை, தன்மேல் விழுந்த மழையில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிட்டு மிகுதியை மெதுவாக விடும். அதன்மேல் தளம் போட்ட நாளில் அது குடிப்பதை நிறுத்திவிட்டது. பத்தில் ஒன்பது பங்கை உடனே வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது. பரந்து விழுந்த நீரை நான்கு அங்குலக் குழாயொன்றில் திரட்டி ஓரிடத்தில் பாய்ச்சிய நாளில், தூறலாக இருந்ததை நாம் அருவியாக்கிவிட்டோம். பேஸ்மட்டத்தை உயர்த்திய நாளில், சமமாக இருந்த இடத்தில் மேடு ஒன்றையும், அதனால் பள்ளம் ஒன்றையும் படைத்துவிட்டோம். ஆகவே "மழை பெய்தது" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, "நான் விட்டேன்" என்பது.

இந்நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஒருவாறு அறிந்தே வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் விழுந்து இயல்பாக வழியும் நீரை அடுத்துள்ள பள்ள நிலத்துக்காரர் தடுக்காமல் ஏற்க வேண்டும் என்கிறது. "இயல்பாக" என்ற அச்சொல்லிலேயே பாரம் முழுவதும் இருக்கிறது. கூரையும் குழாயும் தந்த ஓட்டத்தை இயல்பு என்று கூறித் தப்பித்துக்கொள்வது நேர்மையான வாதமாகுமா?

சட்டமேதைகளின் கருத்து வேறுபாடு

"என் மனையில் நான் எதையும் செய்வேன், அதனால் அடுத்தவனுக்கு வருவது அவன் பாடு" என்ற வாதத்தை மிக எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அதற்கும் மதிப்பு வாய்ந்த முன்னோடிகள் உண்டு. உடைமையாளன் தன் உடைமையில் சுதந்திரமானவன் என்பதே ஹனஃபி மத்ஹபின் மூலக்கருத்தாகப் பதிவாகியுள்ளது. உடைமை என்பதற்கே அது தானே பொருள்? பிறர் ஒவ்வொருவரின் வசதியையும் கேட்டுத்தான் ஒருவன் தன் வீட்டில் ஆணி அறைய வேண்டுமென்றால், அவனுக்கு வீடு இருந்தும் இல்லாததற்குச் சமமே.

எனினும் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. நகரங்கள் நெருங்கின, சுவரோடு சுவர் ஒட்டிற்று. அந்நிலையில், சிறு சங்கடத்துக்கும் பெருந்தீங்குக்கும் அவர்கள் கோடு கிழித்தார்கள். கட்டடத்தைப் பலவீனப்படுத்துவதும், வீட்டின் அடிப்படைப் பயனையே கெடுப்பதும் பெருந்தீங்கு. அதைச் செய்ய உடைமையாளனுக்கு உரிமை இல்லை என்றார்கள். உஸ்மானியப் பேரரசில் 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பு இக்கருத்தையே ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருந்து நீரை வெளியே வடிக்கும் உரிமைக்கு அது 'ஹக்குல் மஸீல்' என்று தனிப் பெயரும் இலக்கணமும் தந்திருக்கிறது. நெடுங்காலமாக இருந்துவரும் வடிகாலை இருந்தபடியே விட வேண்டும் என்றும் சொல்கிறது. உடனேயே, தீங்கு எவ்வளவு பழையதாயினும் பழமை அதற்கு நியாயமாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு வீட்டின் அழுக்கு நீர் பன்னெடுங்காலமாகப் பொதுத் தெருவில் ஓடி வந்தாலும், நடப்போர்க்கு அது இடையூறானால் அகற்றப்பட வேண்டும் என்பது அதில் காட்டப்பட்டுள்ள உதாரணமே ஆகும்.

ஷாஃபிஈ மத்ஹபினர் வேறொரு அளவுகோலை எடுத்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' காட்டும் நெறி யாதெனில், ஒவ்வொருவரும் தம் உடைமையை ஊர் வழக்கப்படி பயன்படுத்தலாம். வழக்கத்தை மீறினால் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். மிக நடைமுறையான நெறி! ஆனால் இன்றைய நம் சிக்கல் சரியாக இவ்விடத்தில்தான் பிறக்கிறது. "எல்லோரும் முற்றத்துக்குச் சிமெண்டு போடுகிறார்கள், எல்லோரும் பேஸ்மட்டத்தை ஏற்றுகிறார்கள், எல்லோரும் குழாயைத் தெருவில் விடுகிறார்கள். இதுவே வழக்கம், நான் எதை மீறினேன்?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

இதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. வழக்கம் அளவுகோலாவது, அந்த வழக்கத்தோடு சேர்ந்து அதைத் தாங்கும் ஏற்பாடும் இருக்கும்போதுதான். ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் இறவாணத்து நீர் வெளியே சொட்டுவது வழக்கமாக இருந்தது. அப்போது கொல்லையில் மண் இருந்தது, பக்கத்தில் வெற்றிடம் இருந்தது, முற்றத்து நீருக்குத் தூம்பு இருந்தது, அத்தூம்பு சென்று சேர வாய்க்கால் இருந்தது. அவையெல்லாம் மறைந்த பின்னர், நீரை வெளியே தள்ளும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு "வழக்கம்" என்பது, கணக்கில் வரவை மட்டும் எழுதிக்கொண்டு செலவை விட்டுவிடுவதை ஒக்கும். எல்லோரும் சேர்ந்து செய்வதால் தீங்கு கரைந்துவிடுவதில்லை, கூடத்தான் செய்கிறது.

ஒரு தூம்பின் வரலாறு

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் 'முஸ்னத்'தில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் இடைமுறிவு உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சுட்டியிருப்பினும், அறிஞர்கள் அதைத் தொடர்ந்து எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரான அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரையில் ஒரு தூம்பு இருந்தது. ஜும்ஆ நாளொன்றில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆடையணிந்து பள்ளிக்கு வரும்போது, மேலே கழுவிவிட்ட நீர் அத்தூம்பு வழியே அவர்கள்மேல் விழுந்தது. அதைப் பிடுங்கிவிடும்படி உத்தரவிட்டார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அதை அவ்விடத்தில் வைத்தவர்கள் நபிகள் நாயகமே என்று தெரிவித்தார்கள். உடனே உமர் (ரலி) அவர்கள், தம் முதுகின்மீது ஏறி நின்று அதைப் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டுமென்று ஆணையிட்டு வேண்டிக்கொண்டார்கள்; அவ்வாறே செய்யப்பட்டது.

அண்ணலாரின் நினைவுக்கு அளித்த மரியாதை என்று இதைப் படிப்போர் பலர். அது சரியே. ஆயினும் இதில் வேறு இரண்டு பாடங்களும் உள்ளன. மேலிருந்து விழும் நீர் கீழே நடப்பவனைப் பற்றிய விஷயம் என்பது ஒன்று. ஒரு நாட்டின் தலைவருக்கே அது கவனத்துக்குரிய காரியமாயிற்று. மறுபுறத்தில், ஒரு வீட்டின் வடிகாலைக் கேட்பாரின்றி அடைத்துவிடவும் கூடாது என்பது மற்றொன்று. நீர் வெளியேறத்தான் வேண்டும். அதற்கு வழி வேண்டும். அவ்வழியைப் பற்றி இரு தரப்பும் பேசியாக வேண்டும்.

கீழ்வீட்டாருக்கும் கடமை உண்டென்பதை மற்றொரு நிகழ்ச்சி விளக்குகிறது. ளஹ்ஹாக் என்பவர் தம் நிலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வர விரும்பினார். அது முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தைக் கடந்துதான் வர முடியும். அவர்களோ மறுத்துவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் இருவரையும் அழைத்து விசாரித்தார்கள். வாய்க்காலால் நிலத்துக்குரியவருக்கும் பயனுண்டு, தீங்கோ இல்லை என்று கண்டபின் மறுப்பை ஏற்கவில்லை. வாய்க்கால் சென்றேயாக வேண்டுமென்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' இதைக் கூறுகிறது. தனக்கு இழப்பில்லாத இடத்திலும் வழிவிட மறுப்பவனின் உரிமை நீதியின் முன் நிற்காது. எனவே, காலங்காலமாக நீர் போன வழியில் சுவரெழுப்பி அடைப்பவரும், தெரு வடிகாலின்மேல் வண்டி ஏற்றச் சாய்தளம் கட்டி அதன் வாயை மூடுபவரும், குழாயை அடுத்தவர் சுவர்மேல் பாயவிடுபவரைப் போலவே குற்றத்தில் பங்காளிகள்தாம்.

தற்காப்பும் தள்ளிவிடுதலும்

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். தெரு உயர்ந்துவிட்டது, என் வீட்டுக்குள் நீர் வருகிறது, நான் வீட்டை உயர்த்திக் கட்டுகிறேன். இது தற்காப்பு. தன் பிள்ளைகளைச் சேற்றிலிருந்து காக்கும் தந்தையை யார் குறை கூற முடியும்? ஆனால் நேற்று என் வீட்டில் நின்ற நீர் நாளை எங்கே நிற்கும்? அது ஆவியாகப் போய்விடவில்லை. அடுத்த தாழ்ந்த வாசலைத் தேடிப் போகிறது. ஒரு தீங்கை அகற்ற அதே போன்ற தீங்கை வேறிடத்தில் விளைவிப்பது தீர்வாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் பொது விதிகளில் ஒன்று. அப்படியானால் வீட்டை உயர்த்துவதே ஆகாதா?

அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. உயர்த்துவது வேறு, உயர்த்திய மேட்டின் நீரைத் தள்ளிவிடுவது வேறு. முன்னது தற்காப்பு, பின்னது தள்ளிவிடுதல். மேட்டின் பயனை எடுத்துக்கொள்பவன் மேட்டின் நீரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். அவன் உயர்த்திக் கட்டலாம். ஆனால் தன் மனையில் விழுவதைத் தாங்கவோ, தேக்கவோ, மண்ணுக்குள் இறக்கவோ, முறையான வடிகாலில் சேர்க்கவோ வழி செய்துவிட்டுக் கட்ட வேண்டும். உயர்வு எதுவாயினும் அதற்கு ஒரு கடமை ஒட்டிக்கொண்டே வருகிறது.

இதைவிடக் கொடிய தள்ளிவிடுதல் ஒன்று நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. மாடி நீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுவதே அது. கழிவுநீருக்காக அளவிட்டுப் போட்ட குழாயில் மழை வெள்ளம் புகுந்தால் அது திணறுகிறது. தாழ்ந்த வீடுகளின் கழிவறை வழியே மேலெழும்புகிறது. மழைநீர் தானும் தூயது, பிறவற்றையும் தூய்மை செய்வது என்பது மக்தபில் ஓதும் சிறுவனுக்கும் தெரிந்த பாடம். ஒளுவின் பாடத்தில் அதற்கே முதலிடம். அத்தகைய நீரை நாமே நஜீஸாக்கி, ஓர் ஏழையின் வீட்டுக்குள், அவர் தொழும் இடத்துக்கே அனுப்பி வைக்கிறோம். தம் வீட்டில் ஒரு துளி அசுத்தம் பட்டால் மூன்று முறை கழுவும் பேணுதலுடையோர், இதைச் சிந்திக்க வேண்டாமா?

கண்மாய் கற்பித்த பாடம்

மதுரைச் சீமையின் நீர் ஒழுங்கை அறிந்தவர்க்கு இந்நெறி புதியதன்று. வைகை நேரே கடலுக்கு ஓடுவதற்கென்று வாய்த்த ஆறல்ல. வழியெங்கும் கண்மாய்களை நிரப்பி, எஞ்சியது இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயைச் சேரும். ஒரு கண்மாய் நிரம்பினால் அதன் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். மேற்கண்மாய்க்காரர் தம் நீரைத் தேக்கும் உரிமை பெற்றவர். ஆனால் மிகுதியைக் கண்ட இடத்தில் உடைத்துவிட உரிமையில்லை. கலுங்கு எங்கே, எவ்வளவு உயரம், மறுகால் எவ்வழி என்பதெல்லாம் ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுநாள் வழக்கால் உறுதியானவை. வீடு என்பதும் ஒரு சிறு கண்மாய்தான். அதற்குக் கொள்ளளவு வேண்டும், கலுங்கு வேண்டும், மறுகால் செல்லும் வழி வேண்டும். கொள்ளளவே இல்லாத கண்மாய்களாக நாம் வீடுகளைக் கட்டிவிட்டோம் என்பதுதான் இன்றைய துன்பத்தின் சுருக்கம்.

சகோதரச் சமயத்தார் ஆவணியில் புட்டுத் திருவிழா கொண்டாடும் புட்டுத்தோப்பு இதே ஆரப்பாளையத்தில் இருக்கிறது. அவ்விழாவுக்குரிய திருவிளையாடற் கதையை மதுரையில் அறியாதார் இலர். வைகை கரையுடைத்தபோது, வீட்டுக்கு ஓராள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். புட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆளில்லை. அவள் பங்கு அடைபடாமல் கிடந்தது என்பது கதையின் தொடக்கம். கதையின் சமயப் பொருள் அவர்களுக்குரியது. ஆனால் அதில் அடங்கியுள்ள குடிமை நெறி அனைவர்க்கும் பொது. வெள்ளத்தை அடைப்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்த பங்குண்டு. ஒருவர் பங்கு விடுபட்டால் மற்ற எல்லார் உழைப்பும் அவ்விடைவெளி வழியே ஓடிவிடும். ஆளற்ற மூதாட்டியின் பங்கை யாரேனும் சுமந்தாக வேண்டும். இவ்வூரின் தாழ்ந்த வீடுகளில் இன்றும் வந்திகள் இருக்கிறார்கள்.

"வரி செலுத்துகிறோமே; வடிகால் கட்டுவது மாநகராட்சியின் பொறுப்பல்லவா?" என்பர். ஆம், பொறுப்புத்தான், அதைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமைதான். மக்கா ஒரு பள்ளத்தாக்கு. ஹிஜ்ரி 17-இல் அங்கே வந்த வெள்ளம் மகாமு இப்ராஹீம் கல்லையே அடித்துச் சென்றபோது, உமர் (ரலி) அவர்கள் நேரில் சென்று அதை உரிய இடத்தில் நிறுவியதோடு, வெள்ளத்தைத் திருப்பக் கரையும் எழுப்பினார்கள். ஆட்சியின் கடமைக்கு அது சான்று. ஆனால் தெரு வடிகால் எவ்வளவு அகலமாயினும், ஒவ்வொரு வீடும் நிமிடத்துக்கு இருபத்துநான்கு குடம் கொட்டினால் அது தாங்காது. பொதுக் கடமையான ஃபர்ளு கிஃபாயாவைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். ஆனால் தன் கூரையின் நீர் தனக்கே உரிய கடமை; அதை மற்றவர் செய்து நம் பொறுப்பு நீங்குவதில்லை.

செய்யக்கூடியது என்ன?

கடமை என்று சொன்னால் போதாது. அது நம் சக்திக்கு உட்பட்டதுதானா என்றும் பார்க்க வேண்டும். சக்திக்கு மீறிய கடமை எவர்மீதும் இல்லை. நல்லவேளையாக, இக்கடமை மிகச் சிறியது.

முதலில், வீடு கட்டுமுன் ஒரு கனமழையில் மனையில் நின்று பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அதுவே காட்டிவிடும். பின்னர்க் கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் கொண்டு மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மனையின் நான்கு மூலைகளை மட்டுமன்று, பக்கத்து வீட்டு வாசற்படியையும் தெரு வடிகாலின் அடியையும் சேர்த்து. நம் வரைபடங்கள் நம் எல்லைச் சுவரோடு முடிந்துவிடுகின்றன. நீரோ அச்சுவரை அறியாது. ஆதலால் வடிகாலின் திட்டம் கீழ்வீட்டு வாசலிலிருந்து தொடங்கி நம் மாடியை நோக்கி வரையப்பட வேண்டும்.

இரண்டாவதாக, மாடி நீரைத் தேக்குங்கள். 80 சதுர மீட்டர் மாடியில் 45 மில்லிமீட்டர் மழை பெய்தால் வருவது 3,600 லிட்டர். நிலத்தடியில் 4,000 லிட்டர் தொட்டியொன்று அம்மழைக்கு முன் காலியாக இருந்தால், அப்பேய்மழையின் கொடிய கால்மணி நேரத்தை ஒரு வீடு தனக்குள்ளேயே விழுங்கிவிடும். தொட்டி நிரம்பிய பின் மிகுதி மெல்ல வடியட்டும். அதற்குள் தெரு மூச்சு விட்டிருக்கும். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வெட்டிய குழிகள் பல இன்று மண்ணும் குப்பையும் நிறைந்து பெயரளவில் கிடக்கின்றன, அவற்றைத் தூர்வாருங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜல்லி நிரப்பிய குழி, தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்களவு நீரைத்தான் ஒரே சமயத்தில் ஏற்கும். சிறு குழி ஒன்றை வெட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. குழியை அஸ்திவாரத்தை ஒட்டியும், பக்கத்துச் சுவரை ஒட்டியும் வெட்டலாகாது. தம் நீரைப் பிறர் அஸ்திவாரத்தில் இறக்குவதும் தள்ளிவிடுதலே.

மூன்றாவதாக, மனையில் ஒரு பட்டை மண்ணையேனும் சிமெண்டில்லாமல் விட்டுவையுங்கள். பூசும் தரைக்கு நூறடிக்கு ஓரடி சரிவு தந்து, அச்சரிவை அண்டை வீட்டார் பக்கமன்றி வடிகால் பக்கம் திருப்புங்கள். மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையிலிருந்து பிரித்து மழைநீர் வடிகாலோடு சேருங்கள். ஐப்பசி பிறக்குமுன் மாடித் தூம்பின் வாயையும் வாசல் வடிகாலையும் சுத்தம் செய்யுங்கள். சாய்தளம் வேண்டுமாயின் வடிகாலை அடைக்காமல், தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கிராதியாகப் போடுங்கள். இவற்றுள் எதுவும் வீட்டுக்குச் செலவிடும் தொகையில் பெரும்பங்காகாது. கூடத்துக்குப் பளிங்குத் தரை போட முடிந்தவர்க்கு, ஒரு தொட்டி கட்ட முடியாதென்பது சக்தியின்மையன்று.

இவை அனைத்துக்கும் முதலாவதாகச் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். கடைக்கால் தோண்டும் முன்னர் இரு பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் பேசுங்கள். "இத்தனை அடி உயர்த்தப் போகிறேன், நீர் இந்த வழியாகப் போகும், உங்களுக்கு இடைஞ்சலாகுமா?" என்று கேளுங்கள். தெருவில் ஆளில்லாத மூதாட்டியோ, வாடகைக் குடித்தனமோ இருந்தால், தெருவார் கூடி அவ்வாசலுக்கு ஒரு தடுப்புப் படியும், நீர் வெளியேற ஒரு வழியும் செய்து கொடுங்கள். ஜமாஅத் என்ற சொல்லுக்குச் சேர்ந்திருத்தல் என்பது பொருள். தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள், தெருவில் ஒருவர் வாசலில் மற்றவர் நீரை விட்டுவிட்டுக் கதவடைத்துக்கொள்வது பொருந்துமா?

எவனுடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவனுடைய ஈமானைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை கடுமையானது என்று அஞ்சும் வாசகர்களே, அந்த எச்சரிக்கையைத் திருப்பிப் பாருங்கள்: நம் தொல்லையிலிருந்து அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதல்லவோ அங்கே கேட்கப்படுவது! அடுத்த கனமழையில் வீட்டுக்குள் நீர் வரவில்லையென்று அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் குழாயிலிருந்து புறப்படும் நீரைப் பின்தொடர்ந்து நடந்து, அது எந்த வாசலில் போய் நிற்கிறதென்று பாருங்கள். அவ்வாசலுக்குரியவரிடம் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை மறுமைக்கு ஒத்திவையாமல் இங்கேயே, அடுத்த ஐப்பசிக்குள் தீர்த்துக்கொள்வது இருவருக்கும் நலம்.